கதவு மூடும் முன்பும் வேலைதான்: விமான நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

விமான நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே சங்கம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவருக்கு எழுதியதை வெட்டி எடுத்து மற்றவர் முகத்தில் எறிவீர்கள், அது தெரிந்ததுதான். பதினோரு வருஷம் ஒரு விமான நிறுவனத்தின் க்ரூ கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். எந்த விமானத்தில் யார் போவது, யாருக்கு எப்போது ஓய்வு, ஒருவர் காய்ச்சல் என்று சொன்னால் அந்த இடத்துக்கு யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது, இதெல்லாம் எங்கள் வேலை. விமானிகளுக்கு எங்களைப் பிடிக்காது, விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் கேபின் க்ரூவுக்குப் பிடிக்காது, செலவு ஏறினால் மேலே இருக்கிறவர்களுக்கும் பிடிக்காது. மூன்று பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதில் எல்லாப் பக்கத்துக் கணக்கும் கொஞ்சம் பழகிவிட்டது.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். மணி இரண்டரை. என் முன்னால் மூன்று திரைகள். நடுத்திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நீளமான கோடு ஓடும். பணி நேரம் வரம்பைத் தாண்டப்போகிறது என்றால் கோட்டின் வால் சிவந்துவிடும். முந்தின விமானம் தாமதமாக வந்ததில், விடியற்காலை புறப்பட வேண்டிய ஒருவரின் கோடு சிவந்துவிட்டது. ஸ்டாண்ட்பை, அதாவது அவசரத்துக்குக் கூப்பிடக் காத்திருக்கும் ஆட்களின் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர், ஏனென்றால் “சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்” என்று சொல்லி அந்த வருஷம்தான் ஸ்டாண்ட்பை ஆட்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், தூங்கவில்லை போல. பின்னால் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. “எத்தனை மணிக்கு ரிப்போர்ட் சார்?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் “சரி சார்.”

அந்த விமானம் பழுது ஒன்றினால், கதவைத் திறந்து வைத்தபடியே மூன்று மணி நேரம் நின்றது. பயணிகள் உள்ளேதான் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தது, திட்டு வாங்கியது, மயக்கம் வந்த ஒருவரைப் படுக்க வைத்தது எல்லாம் அவரும் அவரோடு இருந்த மூன்று பேரும்தான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் 4.10 - 7.15 என்று எழுதியிருந்தார். “இது எங்கே சார் இருக்கிறது?” எங்கேயும் இல்லை. எங்கள் கணக்கில் விமானம் அசைந்தால்தான் மணி ஓடும். அதை நான் அவருக்கு விளக்கினேன், பொறுமையாக, ஏதோ புவியீர்ப்பு விதியைப் போல. இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் நிர்வாகத்தின் பக்கத்துக்கு வருகிறேன், நியாயமாகவே. இந்தத் தொழிலில் பணம் கொழிக்கிறது என்று வெளியில் நினைப்பது தப்பு. 2025ஆம் ஆண்டுக்கு, உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா ஜூனில் போட்ட கணிப்பின்படி, உலகம் முழுக்க விமான நிறுவனங்களுக்கு ஒரு பயணியிடமிருந்து கடைசியில் மிஞ்சுவது சராசரியாக 7.20 டாலர். அதுவும் நல்ல வருஷத்தில். 2020இல் ஒரே வருஷத்தில் 13,000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். விமானம் தயாரிப்பவர், குத்தகைக்கு விடுபவர், எரிபொருள் விற்பவர், விமான நிலையம் நடத்துபவர் என்று எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் நிறுவனத்துக்கு. எரிபொருள் மட்டுமே செலவில் கால் பங்கு, சில வருஷங்களில் அதற்கும் மேல்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். எண்ணெய் விலையில் நீங்கள் பேரம் பேச முடியாது. தரையிறங்கும் கட்டணத்தில் முடியாது. விமானக் குத்தகையில் கையெழுத்துப் போட்டாயிற்று, அதிலும் முடியாது. பேரம் பேசக்கூடிய பெரிய செலவு என்று மிஞ்சுவது மனிதர்கள்தான். அதனால் ஒவ்வொரு நெருக்கடியிலும் கை முதலில் அங்கேயே போகிறது. அங்கே கிடைப்பது மிச்சம்தானா, தள்ளிப்போட்ட செலவா என்று யாரும் கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் தரைப்பணி ஊழியர்களில் ஏறத்தாழ 1,700 பேரின் வேலையை வெளி ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அழகான சேமிப்பு. 2023 செப்டம்பரில் அது சட்டவிரோதம் என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. இழப்பீடு 12 கோடி ஆஸ்திரேலிய டாலர், அது போதாதென்று 2025 ஆகஸ்டில் 9 கோடி டாலர் அபராதம். நடுவில் பெட்டிகள் தொலைந்தது, பெயர் கெட்டது, தலைமை அதிகாரி குறித்த தேதிக்கு முன்பே கிளம்பியது எல்லாம் தனிக் கணக்கு. 2022 கோடையில் ஐரோப்பாவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கதை. கொரோனாவில் அனுப்பிய ஆட்கள் கூப்பிட்டவுடன் திரும்பி வருவார்கள் என்று நினைத்தார்கள். வரவில்லை. ஹீத்ரோ விமான நிலையம் நாளைக்கு ஒரு லட்சம் பயணிகளுக்கு மேல் புறப்படக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. டிக்கெட் வாங்க ஆள் இருந்தார்கள், பெட்டி ஏற்ற ஆள் இல்லை.

இப்போது அந்தப் பென்சில் குறிப்புக்கு வருவோம். பல நாடுகளில், பல நிறுவனங்களில், கேபின் க்ரூவின் சம்பளத்தில் பெரும்பகுதி பறக்கும் மணிக்குத்தான். பயணிகளை ஏற்றும் நேரம், இறக்கும் நேரம், தாமதத்தில் காத்திருக்கும் நேரம் எல்லாம் பூஜ்யம், இல்லையென்றால் பெயருக்கு ஏதோ ஒரு படி. உண்மையில் அந்த நேரத்தில்தான் அவர்கள் அவசரக் கதவையும், தீயணைப்பானையும், ஆக்சிஜன் உருளையையும் சரிபார்க்கிறார்கள். அவசரக் கதவுப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆபத்தில் யாருக்குக் கை கொடுக்க வேண்டியிருக்கும் என்று கண்ணால் அளக்கிறார்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். எட்டு வாசல்களில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை, மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தித்தான் இறக்கினார்கள். காப்பி ஊற்றுவதற்காக மட்டும் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று நினைத்தால் நம் கணக்கே அடியிலிருந்து தப்பு.

2025 ஆகஸ்டில் ஏர் கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேபின் க்ரூ வேலைநிறுத்தத்தில் இறங்கியதன் மையத்தில் இருந்தது இந்தத் தரை நேரம்தான். சில மணி நேரத்துக்குள் வேலைக்குத் திரும்பச் சொல்லி அரசு தலையிட்டது. சங்கம் மாட்டேன் என்றது. 19ஆம் தேதி ஒரு உடன்பாடு வந்தது, தரை நேரத்துக்கும் சம்பளம் என்பது உள்ளே வந்தது. ஆனால் சம்பள உயர்வுப் பகுதியை வாக்கெடுப்பில் 99 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அமெரிக்காவின் டெல்டா 2022இலேயே, ஏற்றும் நேரத்துக்கு மணிச் சம்பளத்தில் பாதி என்று கொடுக்க ஆரம்பித்திருந்தது. அங்கே கேபின் க்ரூவுக்குச் சங்கம் இல்லை, சங்கம் அமைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. பயத்தில் கொடுத்தார்களோ மனதாரக் கொடுத்தார்களோ, கொடுத்த பிறகு டெல்டா ஒன்றும் முழுகிவிடவில்லை.

“இது கட்டுபடியாகாது” என்கிறவர்களுக்காக ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 180 இருக்கை விமானம், 150 பயணிகள். தலைக்கு 7.20 என்றால் அந்தப் பயணத்தில் மிஞ்சுவது 1,080 டாலர். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் வீதம் நான்கு கேபின் க்ரூ. ஏற்ற நாற்பது நிமிடம், மணிக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டால், முழுச் சம்பளமும் கொடுத்தாலே 80 டாலர். மிஞ்சுகிற இலாபத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகிறது, சின்னத் தொகை இல்லை, சங்கத்தார் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயம், டிக்கெட்டில் ஏற்றினால் தலைக்கு ஐம்பத்து மூன்று சென்ட். ஜன்னல் இருக்கைக்கே தனிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இதற்காக நிறுவனம் மூழ்கிவிடும் என்று சொன்னால் யார் நம்புவது?

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் வையுங்கள். ஐரோப்பிய விதிப்படி, ஆள் இல்லாமல் ஒரு குறுந்தூர விமானத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பயணிக்கு 250 யூரோ. 150 பேருக்கு 37,500 யூரோ. முப்பது, நாற்பது விமானங்கள் பறந்து சம்பாதித்ததை ஒரே ஒரு ரத்து தின்றுவிடுகிறது. ஓட்டல் செலவு தனி. அந்த ராத்திரி என் பட்டியலில் இன்னும் இரண்டு ஸ்டாண்ட்பை பெயர்கள் இருந்திருந்தால் ஆகியிருக்கும் செலவை இதனோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும்.

ஸ்டாண்ட்பையைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, இழுத்துக் கட்டுவதைத்தான் நீங்கள் ‘செயல்திறன்’ என்கிறீர்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் அது செயல்திறன்தான். 2025 டிசம்பரில் இண்டிகோவில் பார்த்தோமே. விமானிகளின் வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆகும், இரவுப் பணியில் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகும் என்ற விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது, அமலுக்கு வருவதும் தள்ளிப்போனது, தயாராக நேரம் தாராளமாக இருந்தது. நவம்பர் 1 முதல் இரண்டாம் கட்டம் அமலானது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கடைசியில் விதிக்கே தற்காலிக விலக்குக் கொடுத்தார்கள். தூக்கத்துக்கு விலக்கு! அமெரிக்காவின் சௌத்வெஸ்டில் 2022 டிசம்பரில் பனிப்புயல் அடித்தபோது, எந்த விமானி எந்த ஊரில் இருக்கிறார் என்பதே க்ரூ கன்ட்ரோலுக்குத் தெரியாமல் போய், 16,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அந்த மென்பொருள் பழசாகிவிட்டது என்று சங்கங்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. அந்த அறையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

சரி, இனி கசப்பான இடம். கணக்கு சரியாகவே இருந்தாலும், உங்களை ஊழியர்கள் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. 2003இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திவால் விளிம்பில் நின்றபோது, வருஷத்துக்கு சுமார் 160 கோடி டாலர் அளவுக்குச் சம்பளத்தையும் சலுகைகளையும் விட்டுத்தர மூன்று சங்கங்களும் சம்மதித்தன. மேலதிகாரிகளுக்குத் தனியாக போனஸும், திவாலானாலும் கரையாத ஓய்வூதிய நிதியும் ஏற்பாடு செய்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. தலைமை அதிகாரி பதவி விலகினார். இன்னொரு அமெரிக்க நிறுவனமான யுனைடெட் 2005இல் தன் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் கட்டியது, வரம்புக்கு மேல் வாங்க வேண்டியிருந்தவர்களுக்கு மீதி போயே போயிற்று. அப்புறம் நல்ல காலம் வந்தது. 2020க்கு முந்திய சில வருஷங்களில் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பங்குகளைத் தாங்களே வாங்குவதில் பல ஆயிரம் கோடி டாலரைக் கொட்டின. கொரோனா வந்தவுடன் சம்பளம் போட அமெரிக்க விமான நிறுவனங்கள் எல்லாமாகச் சேர்ந்து அரசிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் வாங்கின. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. இத்தனைக்கும் 2017இல் அமெரிக்கன் நிர்வாகம் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே தானாக முன்வந்து சம்பளத்தை உயர்த்தியபோது பங்கு விலை விழுந்தது. ஊழியர்களுக்குத்தான் முதல் பந்தி, பங்குதாரர்களுக்கு மிச்சம் மீதி என்ற பொருளில் ஒரு பங்குச்சந்தை ஆய்வாளர் எழுதினார். அதனால் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நல்லது செய்தாலும் அடி விழுகிற இடம் அது.

சங்கத்தாரே, இப்போது உங்களிடம். கோபம் வரும், வரட்டும்.

2017 ஏப்ரலில் இத்தாலியின் அலிதாலியா விமான நிறுவனத்தில் ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும் சேர்ந்த ஒரு திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன் எத்தனையோ தடவை அரசு கை கொடுத்திருந்தது, இந்தத் தடவையும் கொடுக்கும் என்ற நினைப்பு பலருக்கு. கொடுத்தது, கொஞ்ச நாள். 2021 அக்டோபரில் அலிதாலியா கடைசியாகப் பறந்தது. அதன் இடத்துக்கு வந்த ஐடிஏ தொடங்கியபோது அங்கே வேலை கிடைத்தது சுமார் 2,800 பேருக்கு. பழைய நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். அந்தத் திட்டம் நல்ல திட்டம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் புத்தகம் பொய் சொல்கிறது என்று நம்பி வாக்களிப்பதற்கும், அதைப் படித்துப் பார்த்துவிட்டு வாக்களிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1989இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு நியாயம் நிறையவே இருந்தது. 1991 ஜனவரியில் அந்த நிறுவனமே இல்லை. முதலுக்கே மோசம்.

இன்னொன்று, இதை நீங்கள் மேடையில் பேச மாட்டீர்கள். 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் இரட்டைச் சம்பளப் பட்டியல் வந்தது: பழைய ஆட்களுக்குப் பழைய சம்பளம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதே வேலைக்குக் குறைவு. சங்கங்கள் அதற்குக் கையெழுத்துப் போட்டன. இனிமேல் வரப்போகிறவர்களுக்கு இன்று ஓட்டு இல்லை பாருங்கள். அதன் வேறு வேறு உருவங்கள் இன்றும் உலகம் முழுக்க இருக்கின்றன. விடியற்காலை இரண்டரைக்கு நான் எழுப்பியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கீழ்ப் பட்டியல் பிள்ளைகள்தான், ஏனென்றால் சீனியாரிட்டிப்படி நல்ல ரோஸ்டரை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சுவது ஸ்டாண்ட்பையும் நடுராத்திரியும். நிர்வாகம் மட்டும்தான் அவர்களைப் பிழிகிறது என்று சொல்லாதீர்கள்.

இரண்டு தரப்பும் வலியையும் இலாபத்தையும் ஒரே தராசில் போட்ட இடங்கள் இருக்கின்றன. சௌத்வெஸ்ட் 1970களிலேயே ஊழியர்களுக்கு இலாபத்தில் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஊழியர்களில் பெரும்பாலோர் சங்கத்தில் இருந்தும் 1973 முதல் 2019 வரை 47 வருஷம் தொடர்ந்து இலாபம் காட்டியது. சங்கம் இருந்தால் நஷ்டம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2023-24 நிதியாண்டுக்குக் கிட்டத்தட்ட எட்டு மாதச் சம்பளத்தை இலாப போனஸாகக் கொடுத்தது. அதே நிறுவனம் 2020இல் சுமார் 4,300 பணியிடங்களை எடுத்தது, சம்பளத்தையும் வெட்டியது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இலாபப் பங்கு மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. யுனைடெட்டில் 1994இல் சம்பளத்தை விட்டுக்கொடுத்து நிறுவனத்தின் 55 சதவீதத்தையே ஊழியர்கள் வாங்கினார்கள்; 2002 டிசம்பரில் நிறுவனம் திவால், கையில் இருந்த பங்கு வெறும் காகிதம். முதலாளி என்று பெயர் கிடைத்தால் மட்டும் போதாது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 ஜனவரியில் திவாலானது. தொழிலதிபர் கசுவோ இனாமோரி சம்பளம் வாங்காமல் தலைமைக்கு வந்தார். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போனார்கள், ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம்கூட வெட்டப்பட்டது, நீக்கப்பட்ட விமானிகளும் கேபின் க்ரூவும் வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். அந்தக் கொடுமையை நான் மெழுகப் போவதில்லை. அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பிரிவும் தன் வரவு செலவைத் தானே பார்க்கும்படி கணக்கைப் பிரித்தார், எந்த விமானம் எவ்வளவு சம்பாதித்தது என்பது அதில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. 2012 செப்டம்பரில் நிறுவனம் மறுபடி பங்குச்சந்தைக்கு வந்தது. அதற்குப் பல காரணங்கள், அரசுப் பணம் உட்பட. ஆனால் என் அறையில் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் எனக்கு அப்படி ஒரு எண்ணைக் காட்டியதில்லை. நான் ஒரு ஆளை எழுப்பாமல் விட்டால் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம், எழுப்பினால் என்ன மிச்சம் என்று தெரியாமலே எழுப்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் நான் கேட்பது இதைத்தான். அடுத்த பேச்சுவார்த்தையின் முதல் நாளில் சதவீதம் பேசாதீர்கள். நிர்வாகம் ஒரே ஒரு தாளைக் கொண்டு வரட்டும்: போன மாதம் ஊழியர்கள் பணியில் இருந்த மொத்த மணிகள், அதில் சம்பளம் கொடுத்த மணிகள், ஆள் இல்லாமல் ரத்தான விமானங்கள், அதற்கு ஆன செலவு, மேல்மட்டத்தில் பத்துப் பேர் எடுத்துக்கொண்ட தொகை. வெளித் தணிக்கையாளர் கையெழுத்தோடு. சங்கம் தன் பங்குக்கு, இலாபம் வந்தால் எவ்வளவு, நஷ்டம் வந்தால் எவ்வளவு காலத்துக்கு எதை விட்டுக்கொடுப்போம், அதில் கீழ்ப் பட்டியல் ஆட்களைக் கடைசியாகத்தான் தொடுவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொண்டு வரட்டும். கெட்ட வருஷம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் கை நடுங்கும், இரண்டு பக்கமும்.

அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்று தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எல்லா மணியும் க்ரூ கன்ட்ரோல் திரையில் இருக்கிறது, கதவு திறந்திருந்த மணி உட்பட. அங்கே இரவு ஷிப்டில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் க்ரூ கன்ட்ரோல் ஊழியன் ஒருவன்